பாகூர்ச் செப்பேடும் காளான் விதையும்

பாகூர்ச் செப்பேடுகளைப் பற்றி எங்கு வாசிக்க நேர்ந்தாலும் பெருமிதத்தோடு ஒரு சிறு மனத்தாங்கலும் சேர்ந்தே எழுகிறது எனக்கு. 9-ஆம் நூற்றாண்டில், பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், மூன்று ஊர்களின் வருவாய் பாகூரிலிருந்த வித்தியாஸ்தானத்துக்குக் கொடையாக எழுதிக் கொடுக்கப்பட்டது. அங்கே வேதமும் வேதாங்கமும் சாத்திரங்களும் ஓதுவிக்கப்பட்டன என்பர் ஆய்வாளர். ஓதியவர்களுக்குச் சோறு போட்டது வயல். அந்த வயலைப் பற்றிய அறிவோ அக்கல்விச்சாலையின் பாடத்தில் இடம்பெற்றதாகத் தெரியவில்லை. உழுதவனின் விளைச்சல் கல்விக்குப் போயிற்று. கல்வி உழுதவனிடம் திரும்பி வரவில்லை.

ஓராயிரம் ஆண்டுகள் கழித்து, 1862-இல், அமெரிக்காவில் மோரில் சட்டம் என்றொன்று வந்தது. அங்கும் கல்விக்காக நிலமே கொடுக்கப்பட்டது. ஆனால் அந்நிலத்தைக் கொண்டு எழுப்பப்பட்ட கல்லூரிகள் வேளாண்மையையும் தொழிற்கலைகளையும் கற்பிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 1914-இல் வந்த இன்னொரு சட்டம் அக்கல்லூரிகளின் அறிவைப் பண்ணை வாசல் வரை கொண்டுசேர்க்கும் விரிவாக்கப் பணிக்கு வழிசெய்தது. மத்திய அரசு, மாநிலம், வட்டாரம் ஆகிய மூன்றும் அதில் செலவைப் பங்கிட்டுக்கொண்டன. கொடை என்னும் பழைய வழக்கம் அங்கே ஒரு கூட்டுறவாக மாறிற்று.

நம் மண்ணில் அப்படியொரு முயற்சி நடக்கவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1988-இல் எம்.எஸ். சுவாமிநாதன் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனம், 1991-இல் புதுச்சேரியின் சிற்றூர்களில் உயிரிக் கிராமத் திட்டத்தைத் தொடங்கியது. நிலமற்ற பெண்களுக்குக் காளான் வளர்ப்பு, அலங்கார மீன் வளர்ப்பு, கறவை மாடு, வீரிய விதை உற்பத்தி எனப் பலவும் கற்றுத்தரப்பட்டன. பிள்ளையார்குப்பத்தில் அதற்கென ஒரு மையமும் அமைந்தது. 1998-இல் வில்லியனூரை நடுவமாக வைத்து, கனடாவின் ஆய்வு நிதியுதவியோடு, தகவல் கிராமங்கள் உருவாயின. வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்த அலை உயரக் கணிப்பு ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லப்பட்டது. இம்மையங்களில் கணினிமுன் அமர்ந்தவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊர்ப் பெண்கள்தாம். 2004 டிசம்பர் 26 அன்று, சிங்கப்பூரிலிருந்து ஊர்க்காரர் ஒருவர் தொலைபேசியில் எச்சரிக்க, நல்லவாடு கிராமத்து ஒலிபெருக்கி முழங்கியதால் பலர் உயிர் தப்பினர் என்பது இக்கடற்கரை இன்றும் சொல்லும் செய்தி.

ஆக, அறிவியல் ஊருக்குள் வந்தது. ஊர் அறிவியலுக்குள் போயிற்றா என்பதே என் கேள்வி.

இக்கேள்வியை எனக்குள் கூர்மையாக்கியவர் பனித்திட்டைச் சேர்ந்த, கட்டுமரத்தில் தொடங்கிக் கண்ணாடியிழைப் படகுக்கு மாறிய மீனவர் ஒருவர். அவர் மகள் உயிர்த்தொழில்நுட்பத்தில் இளநிலைப் பட்டம் பெற்றவள். "அண்ணே, பொண்ணு மூணு வருசம் படிச்சிட்டா. இந்தப் படிப்புக்கு நம்ம பக்கத்துல என்னதான் வேல இருக்கு, சொல்லுங்க" என்றார். மருந்து ஆலையொன்றில் பொட்டலம் கட்டும் பிரிவில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்பு போதும் அந்த வேலைக்கு. அவள் மட்டும், "பரவாயில்லப்பா, விடுங்க" என்றாள். அந்தப் 'பரவாயில்லை'யை என்னால் எளிதில் கடந்துவர முடியவில்லை.

ஏனெனில் அவளுக்கான வேலை இருக்கிறது. அதைப் பதவியாக யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, அவ்வளவே. காளானையே எடுத்துக்கொள்வோம். சிப்பிக்காளான் வளர்க்க வைக்கோலும் நிழலும் ஈரமும் போதும். எழுத்தறியாத பெண்ணும் சில நாட்களில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் காளான் 'விதை' அப்படியன்று. வேகவைத்த சோளத்தைப் பையில் அடைத்து, அழுத்தக்கொப்பரையில் 121 பாகை வெப்பத்தில் கிருமி நீக்கி, தூய காற்று வீசும் மேடையில் பூஞ்சையைச் செலுத்தி, வேறு பூசணம் தொற்றாமல் வாரக்கணக்கில் காக்க வேண்டும். விதை கெட்டால் படுக்கை கெடும். படுக்கை கெட்டால் அந்தப் பெண் வாங்கிய கடன் மட்டுமே மிஞ்சும். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், அசோஸ்பைரில்லம் போன்ற உயிரிடுபொருள்களுக்கும் இதே தூய்மை வேண்டும். கல்லூரி ஆய்வகத்தில் பனித்திட்டுப் பெண் மூன்றாண்டு பழகியது துல்லியமாக இந்த வேலையைத்தான். விதை தேடும் கைகளும் விதை செய்யத் தெரிந்த கைகளும் ஒரே கொம்யூனில் இருக்கின்றன. இடையில் பாலமில்லை.

நிறுவனங்களுக்கும் பஞ்சமில்லை. கொசு ஆராய்ச்சிக்கென 1975-இல் புதுச்சேரியில் தொடங்கப்பட்ட மையம், பாக்டீரியாவைக் கொண்டே கொசுப்புழுவைக் கொல்லும் முறையை உருவாக்கித் தனியார் நிறுவனங்களுக்கும் வழங்கியிருக்கிறது. குரும்பாபேட்டில் காமராஜர் பெயரில் வேளாண் அறிவியல் நிலையமும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. காலாப்பட்டில் மத்தியப் பல்கலைக்கழகம். அரசின் வேளாண் கல்லூரியோ 1987 முதல் காரைக்காலில். பாகூர்ப் பிள்ளை கடலூர், சிதம்பரம், சீர்காழி எல்லாம் தாண்டித் தன் மாநிலத்தின் இன்னொரு துண்டுக்குப் போக வேண்டும். பயிற்சி ஒருபுறம், பட்டம் ஒருபுறம், ஆராய்ச்சி ஒருபுறம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஏறும் படிகள்தாம் குறைவு. காளான் பயிற்சி பெற்ற பெண்ணின் சான்றிதழ் கல்லூரிக்குள் செல்லாது. பட்டதாரிப் பெண்ணின் சான்றிதழ் வயலுக்குள் செல்லாது.

கொம்யூனுக்கு ஒரு சிறு விதை ஆய்வகம். அதை நடத்த இரண்டு பட்டதாரிகள். அங்கு பெறும் பயிற்சியைக் கல்லூரி மதிப்பெண்ணாக ஏற்கும் ஓர் ஒப்பந்தம். தரத்துக்குப் பொறுப்பேற்க வேளாண் அறிவியல் நிலையம். விலை கொடுத்து வாங்க மகளிர் குழுக்கள். நான் கேட்பது இவ்வளவுதான். இது பெரிய கனவென்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று ஊர்களின் வருவாயை ஒரு கல்விச்சாலைக்கு எழுதிவைத்த மண் இது.

சுவாமிநாதன் 2023-இல் மறைந்தார். மறு ஆண்டே பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். அவர் இங்கு தொடங்கிவைத்த வேலையின் மறுபாதி, ஊர்ப் பெண் பயனாளியாக அன்றி அறிவியலாளராகவே ஊரில் வாழ்வது. அதற்கு விருது வேண்டாம். மாதச் சம்பளம் வேண்டும்.