ஒரு மார்க் ஸ்டேஷன்

பெரம்பலூர்க்காரர்களிடம் "உங்க ஊர் ரயில்வே ஸ்டேஷன் எங்கே இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். "அரியலூர்ல!" என்பார்கள், கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல். அதாவது, சுமார் முப்பது கிலோமீட்டர் தள்ளி, அடுத்த மாவட்டத்தில்! கலெக்டர் ஆபீஸ் உண்டு, எஸ்.பி. ஆபீஸ் உண்டு, சென்னை - திருச்சி ஹைவே ஊரை உரசிக்கொண்டு போகிறது. ரயில் மட்டும் இல்லை.

ஆபீஸ் நண்பருக்குப் பெரம்பலூரில் கல்யாணம். "பஸ்ல வந்தா முதுகு போயிடும் சார். வைகையோ பல்லவனோ புடிச்சு அரியலூர்ல இறங்கிடுங்க" என்று மாப்பிள்ளையே ரூட் போட்டுக் கொடுத்தார். இறங்கினேன்.

முதலில் இந்த இரண்டு ஊர்களின் மாவட்டக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கூட்டுக் குடும்பத்துச் சண்டை மாதிரி இருக்கும். 1995-ல் திருச்சியிலிருந்து பிரிந்தது பெரம்பலூர். 2001-ல் பெரம்பலூரிலிருந்து பிரிந்தது அரியலூர். 2002-ல் "செலவு கட்டுப்படியாகலே, திரும்பி வா" என்று சேர்த்துவிட்டார்கள். 2007 நவம்பர் 23-ம் தேதி மறுபடி தனிக்குடித்தனம். அந்தத் தேதியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேஷனுக்கு வருவோம். அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து திருச்சிக்கு ரயிலில் போக வேண்டுமென்றால் மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று காவிரிக் கரையெல்லாம் சுற்றித்தான் போக வேண்டும். தென்னிந்திய ரயில்வே கம்பெனி 1929-ல் விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியாகக் குறுக்கே ஒரு மீட்டர் கேஜ் பாதை போட்டது. சுமார் அறுபது கிலோமீட்டர் மிச்சம். 'கார்டு லைன்' என்று இன்றைக்கும் சொல்வது இதைத்தான். மீட்டர் கேஜ் போய், அகலப் பாதை வந்து, இரட்டைப் பாதை ஆகி, இப்போது மின்சார எஞ்சின் பறக்கிறது.

பறக்கிற வண்டிகளுக்கு நடுவே ஆடி அசைந்து வருவது கூட்ஸ். அரியலூர் என்றாலே சிமெண்ட்தான். பூமிக்கு அடியில் அவ்வளவு சுண்ணாம்புக்கல். பல கோடி வருஷங்களுக்கு முன்னால் இங்கே கடல் இருந்தது. அதில் வாழ்ந்த நத்தைகளும் சிப்பிகளும்தான் இன்றைக்குக் கல்லாகக் கிடைக்கின்றன. சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மரமே கல்லாகிப் படுத்திருக்கிறது. அந்தக் கடலைத் தோண்டி மூட்டை கட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறோம். உங்கள் வீட்டு மொட்டை மாடியில்கூட அரியலூர்க் கடல் கொஞ்சம் இருக்கலாம்.

பிளாட்பார பெஞ்சில் ஒரு பையன் குரூப்-4 கைடு படித்துக்கொண்டிருந்தான். பேச்சுக் கொடுத்தேன்.

"தம்பி, இந்த ஊர் பத்தி அதுல ஏதாச்சும் கேள்வி இருக்கா?"

"இருக்குண்ணே. அரியலூர் ரயில் விபத்துக்காக ராஜினாமா செஞ்ச அமைச்சர் யாரு? லால் பகதூர் சாஸ்திரி. ஒரு மார்க்!"

"எத்தனை பேர் செத்தாங்க?"

"அது கேக்க மாட்டாங்கண்ணே."

1956 நவம்பர் 22-ம் தேதி ராத்திரி சென்னை எழும்பூரிலிருந்து கிளம்பியது தூத்துக்குடி எக்ஸ்பிரஸ். நல்ல மழை. வண்டி அரியலூரைத் தாண்டி, கல்லகத்துக்கு வருவதற்குள் மருதையாற்றுப் பாலம். ஆற்றில் வெள்ளம். விடியற்காலை ஐந்தரை மணி வாக்கில், பெட்டிகளில் முக்கால்வாசிப் பேர் தூக்கத்தில் இருந்திருப்பார்கள்... எஞ்சினும் அதன் பின்னால் பல பெட்டிகளும் ஆற்றில் விழுந்தன. செத்தவர்கள் நூற்று நாற்பதுக்கும் மேல். சரியான எண்ணிக்கை புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. பையன் சொன்னது சரிதான், அதை வைத்துக் கேள்வி கேட்க முடியாது!

அதே வருஷம் சில மாதங்களுக்கு முன்புதான் மகபூப்நகரில் பாலம் இடிந்து நூற்றுப் பத்துப் பேருக்கு மேல் போயிருந்தார்கள். அப்போதே சாஸ்திரி ராஜினாமா கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மறுபடி கொடுத்தார். 'விபத்துக்கு இவர் காரணம் என்பதால் அல்ல. ஒரு முன்னுதாரணமாக இருக்கட்டும்' என்கிற அர்த்தத்தில் நாடாளுமன்றத்தில் சொல்லி நேரு ஏற்றுக்கொண்டார். ரயில்வே துணை மந்திரி நம்மூர் ஓ.வி.அளகேசன். 1957 தேர்தலில் தி.மு.க. மேடைகள் 'ஆண்டது', 'மாண்டது' என்று எதுகை வைத்து அவரைப் பிடிபிடி என்று பிடித்தன.

இந்த லைனுக்கே ஒரு ராசி உண்டு. இன்னும் கொஞ்ச தூரத்தில் கல்லக்குடி. 1953-ல் டால்மியாபுரம் என்ற பெயரை மாற்றச் சொல்லித் தண்டவாளத்தில் படுத்த கருணாநிதி, 1969-ல் முதலமைச்சர். அரியலூருக்காகப் பதவி விலகிய சாஸ்திரி, 1964-ல் பிரதமர். எனக்கு சாஸ்திரி மேல் மரியாதை உண்டு. எங்கே ரயில் கவிழ்ந்தாலும் "அன்றைக்கு அரியலூருக்காக சாஸ்திரி..." என்று ஆரம்பித்துவிடுகிறோம், அதிலும் தப்பில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் அரியலூர் என்பது ஒரு மனிதரின் பெருமைக்குப் பின்னால் நிற்கிற ஊர்ப்பெயர், அவ்வளவுதான். தூத்துக்குடியில் விடிய விடியக் காத்திருந்தவர்கள் யார், தந்தி யார் வீட்டுக்குப் போனது... அதற்கெல்லாம் கைடு கிடையாது.

மாவட்டம் இரண்டாம் தடவை பிறந்ததும் அதே நவம்பர் 23. தற்செயல்தான். விழாவுக்குத் தேதி குறித்தவர்களுக்கு ஞாபகம் இருந்ததோ என்னவோ!

கல்யாணம் முடிந்து, மறுநாள் திருச்சி அத்தை வீட்டுக்குப் போக அதே அரியலூரில் பாசஞ்சர் ஏறினேன். சாதாரண நாளில் மருதையாறு ரொம்ப சாது. மணலும் முள்செடியுமாகக் கிடக்கிறது. பாலம் வந்ததும் வண்டியின் சத்தம் மாறியது. பத்துப் பதினைந்து விநாடி. பெட்டியில் யாரும் போனிலிருந்து தலை நிமிரவில்லை. எதிர் சீட்டுப் பெரியவர் மட்டும் ஜன்னல் பக்கம் எட்டினார். அடடா, இவருக்குத் தெரிந்திருக்கிறதே என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"புளிச்"சென்று வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு, "லால்குடி வர இன்னும் எவ்ளோ நேரமாகும் தம்பி?" என்றார்.