எந்திரத்தின் காய்ச்சல்

காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, நோய் தீர்ந்தது என்று எந்தத் தாயும் உறங்கச் செல்வதில்லை. காய்ச்சல் எதனால் வந்தது, எந்நேரத்தில் ஏறுகிறது, எந்நேரத்தில் தணிகிறது என்று கவனித்து, அதனை மருத்துவரிடம் எடுத்துச் சொல்கிறாள். ஆனால் நம் வீட்டுக் கார் கொதித்து நின்றால், இரண்டு புட்டி தண்ணீரை ஊற்றிவிட்டுப் பயணத்தைத் தொடர்கிறோம். மறுமுறை கொதித்தால் மறுபடியும் தண்ணீர். சூடு என்பது வெறும் அறிகுறியே. அதற்குக் காரணமான நோயைத் தேட வேண்டும் என்பதை எங்கள் குடும்பத்திற்குக் கற்பித்த ஓர் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

முதலில் காரின் உள்ளே நடப்பதைச் சிறிது அறிந்துகொள்வோம். பெட்ரோல் எரியும் கணத்தில் இன்ஜினின் உருளைக்குள் இருக்கும் வாயுவின் வெப்பம் 2000 டிகிரி செல்சியசையும் கடக்கும். இவ்வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குகூடச் சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுவதில்லை. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடுகிறது. இன்னொரு பெரும்பகுதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் நீர்தான் சுமந்து செல்ல வேண்டும். வாட்டர் பம்ப் அந்நீரைத் தள்ளுகிறது. தெர்மோஸ்டாட் என்னும் வால்வு, நீர் போதிய சூடு அடைந்த பின்னரே வழி திறக்கிறது. ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் நீர் ஓடும்போது, எதிர்காற்றும் மின்விசிறியும் சூட்டை வாங்கிச் செல்கின்றன. இச்சங்கிலியில் ஒரு கண்ணி தளர்ந்தாலும் சூடு இன்ஜினிலேயே தங்கிவிடும். அலுமினியத்தாலான மேற்பகுதி வளையும். இடையிலுள்ள கேஸ்கட் கருகும். முடிவில் பிஸ்டன் இறுகி இன்ஜினே பாழாகும்.

இது மோட்டார் வண்டியோடு கூடப் பிறந்த தொல்லை. 1888ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ் என்னும் குடும்பத்தலைவி, தம் கணவர் கார்ல் பென்ஸ் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியில் இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, 100 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவு சென்றார். அவ்வண்டியில் இன்றைய ரேடியேட்டர் இல்லை. நீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிர்விக்கும் முறை. ஆதலால் வழிநெடுக நீர் தேடி ஊற்றிக்கொண்டே அவர் பயணம் செய்தார். பின்னர் வில்ஹெல்ம் மேபாக் என்னும் பொறியாளர் தேன்கூட்டைப் போன்ற ரேடியேட்டரை அமைத்தார். 1901இல் வெளிவந்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் வண்டியில் அது இடம்பெற்றது. அன்று முதல், வழியில் தண்ணீர் ஊற்றுவது என்பது வண்டியின் இயல்பன்று, கோளாறின் அடையாளம் என்றாயிற்று.

எங்களுக்கு அக்கோளாறு 2019ஆம் ஆண்டு மே மாதத்தில் நேர்ந்தது. திண்டுக்கல்லிலிருந்து குடும்பத்தோடு கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். வத்தலகுண்டு வரை குறையேதுமில்லை. மலைப்பாதையில் பாதி ஏறியபோது சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டை நோக்கி நகர்ந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். முன்மூடியைத் தூக்கியதும் ஆவி எழும்பிற்று. என் மைத்துனர் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். அவ்வழியே வந்த வேன் ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்தி, ஓடிவந்து அவர் கையைப் பற்றி இழுத்தார். "கையை எடுங்க தம்பி! முகம் வெந்து போகும்!" என்றார்.

அவர் சொன்னதன் உண்மையை வாசகர் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியன்று. அழுத்தத்தை அடக்கி வைக்கும் வால்வு. சதுர அங்குலத்திற்குச் சுமார் 13 பவுண்டு அழுத்தம் இருந்தால், நீர் 100 டிகிரியில் கொதிக்காமல் 118 டிகிரி அளவுவரை தாங்கும். அந்நிலையில் மூடியைத் திறந்தால் அழுத்தம் நொடியில் விடுபட்டு, நீர் ஆவியாகச் சீறி முகத்திலும் மார்பிலும் அடிக்கும். எத்தனை மடிப்புத் துண்டும் அதற்குத் தடையாகாது. அந்த நல்ல மனிதர் எங்களை முக்கால் மணி நேரம் காத்திருக்கச் செய்தார். கொதிக்கும் இன்ஜின்மீது குளிர்ந்த நீரைக் கொட்டினால் உலோகம் வெடிக்கக்கூடும் என்றும் எச்சரித்தார். நன்றாக ஆறிய பின் நீரை மெல்ல நிரப்பி, ஹீட்டரை முழுதும் திறந்து, கண்ணாடிகளை இறக்கிவிட்டு மலையிறங்கினோம். ஹீட்டரும் ஒரு சிறிய ரேடியேட்டரே. இன்ஜினின் சூட்டில் ஒரு பகுதியை அது வெளியே கொண்டுவரும்.

மறுநாள் வண்டியைக் காட்டிய பட்டறையில், எந்தச் சோதனையும் செய்யாமலே, "ஹெட் கேஸ்கட் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும், 38,000 ரூபாய் ஆகும்" என்றார்கள். என் மூத்த மகளைச் செவிலியர் கல்லூரியில் சேர்ப்பதற்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருந்த தொகை ஏறத்தாழ அவ்வளவே. என் தாயாரை வாரந்தோறும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல அந்தக் காரை விட்டால் வேறு வழியுமில்லை. மகளின் படிப்பா, தாயின் மருத்துவமா என்று இரவெல்லாம் நானும் என் மனைவியும் பேசிக்கொண்டிருந்தோம்.

எங்கள் தெருவில், அரசுப் பேருந்துப் பணிமனையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். செய்தி கேட்டு அவரே வந்தார். இன்ஜினைத் தொடுமுன் ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி, வண்டி எப்போது சூடாகிறது? நிற்கும்போதா, ஓடும்போதா, ஏறும்போதா?"

"ரயில்வே கேட்டில் எவ்வளவு நேரம் நின்றாலும் முள் ஏறுவதில்லை, ஐயா. மேட்டில் ஏறும்போதும் வேகமாக ஓடும்போதும்தான் ஏறுகிறது" என்றேன்.

"அப்படியானால் மின்விசிறி நன்றாக இருக்கிறது. அது கெட்டிருந்தால் நிற்கும்போதுதான் சூடாகும். நீர் ஓடும் பாதையில்தான் தடை இருக்க வேண்டும்" என்றார். ஒரே கேள்வியில் பாதி நோய் விளங்கிவிட்டது.

அடுத்து, செலவில்லாத சோதனைகளிலிருந்து தொடங்கினார். இரவில் வண்டியின் அடியில் செய்தித்தாளை விரித்து வைக்கச் சொன்னார். காலையில் ஈரம் இல்லை, ஆகவே ஒழுக்கு இல்லை. கேஸ்கட் பழுதானால் இன்ஜின் ஆயிலில் நீர் கலந்து பால் காப்பி நிறமாகலாம். புகைக்குழாயில் இடைவிடாது வெண்புகை வரலாம். ரேடியேட்டரில் குமிழிகள் எழலாம். இம்மூன்றில் ஒன்றுகூட எங்கள் வண்டியில் இல்லை. "இந்த அடையாளம் எதுவுமில்லாமல் இன்ஜினைத் திறக்க ஏன் அவசரப்பட வேண்டும்? மற்றவற்றைப் பார்ப்போம்" என்றார். என் மனைவி அப்போதுதான் மூச்சு விட்டாள்.

குளிர்ந்த இன்ஜினில் மூடியைத் திறந்து காட்டினார். அதன் ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. அழுத்தம் நிற்காத மூடியோடு மலையேறினால் கேடு இரட்டிப்பாகும். கொடைக்கானலின் உயரம் ஏறத்தாழ 2,100 மீட்டர். காற்றழுத்தம் குறைந்த அவ்வுயரத்தில் திறந்த பாத்திரத்து நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மேலே சோறு வேகத் தாமதமாவதும், பழுதான மூடியுள்ள கார் கொதிப்பதும் ஒரே காரணத்தால்தான்.

பிறகு தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய இடத்தைத் திறந்தார். அங்கே வால்வே இல்லை! நாங்கள் 2016இல் வண்டியை வாங்குமுன் யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் இன்ஜின் குளிர்ச்சியாக இருக்கும் என்பது நம் ஊர்ப் பட்டறைகளில் பரவலாக உள்ள எண்ணம். உண்மையில் அது இல்லாவிட்டால் இன்ஜின் உரிய சூட்டை அடைய நெடுநேரமாகும், எரிபொருள் வீணாகும், தேய்மானம் கூடும், உள்ளிருக்கும் உண்மையான நோயும் சில காலம் மறைந்திருக்கும். புதிய வால்வு ஒன்றை வாங்கி வந்தோம். 82 டிகிரி என்று அதில் பொறித்திருந்தது. பொருத்துமுன், சமையலுக்குப் பயன்படாத பழைய பாத்திரத்தில் நீர் ஊற்றி, அடுப்பில் வைத்து, அதனை நூலில் கட்டித் தொங்கவிட்டார் பெரியவர். வெப்பமானியில் 82ஐத் தாண்டியதும் அது மெல்ல வாய் திறந்ததை என் மகள்கள் வியந்து பார்த்தார்கள்.

கடைசியில் நோயின் வேர் கிடைத்தது. இன்ஜினைச் சூடேற்றி அணைத்துவிட்டு, மின்விசிறியின் இணைப்பைக் கழற்றிய பின், ரேடியேட்டரின் முகப்பில் கையை மேலோட்டமாக வைத்துப் பார்க்கச் சொன்னார். சில பகுதிகள் சுட்டன. சில பகுதிகள் குளிர்ந்தே இருந்தன. குளிர்ந்த இடங்களில் குழாய் அடைபட்டு நீர் ஓடவில்லை என்று பொருள். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை முன்பு ஊற்றி வந்ததன் விளைவு அது. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெண்மையாகப் படியும் சுண்ணாம்பே அக்குழாய்களிலும் படிந்திருந்தது. செம்பு ரேடியேட்டரானால் திறந்து கம்பியால் குத்திச் சுத்தம் செய்யலாம். எங்களுடையது பிளாஸ்டிக் தொட்டி பொருத்திய அலுமினியம், மாற்றுவதே வழி.

புதிய ரேடியேட்டர், மூடி, வால்வு ஆகியவற்றைப் பொருத்தினோம். பழைய துருநீர் தெளியும்வரை இன்ஜினைக் கழுவினோம். கூலண்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சம அளவில் கலந்து, காற்று தங்காதபடி மெதுவாக நிரப்பினோம். மொத்தச் செலவு 7,000 ரூபாய்க்குள் முடிந்தது. சிறுமலைப் பாதையில் வண்டியை ஏற்றிப் பார்த்தபோது முள் நடுவிலிருந்து அசையவில்லை. அந்த ஆண்டே மகள் கல்லூரியில் சேர்ந்தாள்.

இல்லத்தில் கார் வைத்திருப்போர் சிலவற்றைப் பின்பற்றுதல் நலம். மாதம் ஒருமுறையேனும், இன்ஜின் ஆறியிருக்கும்போது, நீரின் அளவையும் நிறத்தையும் பாருங்கள். கிணற்று நீரை ஊற்றாதீர்கள். கூலண்ட் இனிப்புச் சுவையுடைய நஞ்சு, குழந்தைகளும் நாய்களும் அணுகாதவாறு வையுங்கள், சாக்கடையில் கொட்டாதீர்கள். முள் சிவப்பை நெருங்கினால், இன்னும் சிறிது தூரந்தானே என்று ஓட்டாமல் உடனே நிறுத்துங்கள். சூடான மூடியைத் தொடாதீர்கள். பெருஞ்செலவு என்று எவரேனும் சொன்னால், எந்தச் சோதனையால் அம்முடிவுக்கு வந்தார் என்று பணிவோடு கேளுங்கள். கைத்தொழிலில் தேர்ந்தவர் அதற்குச் சினம் கொள்ளமாட்டார். எங்கள் தெருப் பெரியவரைப் போல் அருகில் அழைத்துக் காட்டிக் கொடுப்பார்.