பழைய லாரியும் புதிய இஞ்சினும்

வலிமை பிறக்குமிடத்தில் வெப்பமும் உடன் பிறக்கும். இஃது இயற்கையின் விதி. மோட்டார் இஞ்சினில் எரியும் எண்ணெயின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே சக்கரத்தைச் சுழற்றும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. எஞ்சியது இஞ்சினின் இரும்பில் ஏறி, அதனுள் ஓடும் நீரின் வழியாக ரேடியேட்டரை அடைந்து, காற்றிலே கலந்தாக வேண்டும். ஆகவே, தன் லாரியின் வலிமையை இரட்டிப்பவன், வெளியேற்ற வேண்டிய வெப்பத்தையும் இரட்டிப்பவனாகிறான். இவ்வெளிய கணக்கை மறப்பதனால் விளையும் துன்பங்களைத் தோட்டப்புறத்திலும் பட்டணத்துப் பட்டறைகளிலும் நாம் கண்டு வருகிறோம்.

ஜப்பானிலிருந்து முன்பாதியாக அறுக்கப்பட்டு வந்திறங்கும் பழைய வாகனங்களை நம் நாட்டார் 'ஹாப்-கட்' என்பர். அவற்றின் இஞ்சினைக் கழற்றிப் பழைய வண்டிகளில் பொருத்திக்கொள்வது இங்கே நெடுநாளைய வழக்கம். பழைய இஞ்சினுக்கு உதிரிப்பாகம் தேடி அலைவதினும் இது எளிது, வேகமும் கூடும். இதில் குற்றமொன்றுமில்லை. இஞ்சினை மாற்றுவோர் அதன் வெப்பம் போகும் வழியை மாற்றாமல் விடுவதே குற்றம்.

ஜார்ஜ் டவுனில் நம் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் தந்தையார் செபராங் பிறையில் பால் வெட்டிப் பிழைத்தவர். தோட்டம் துண்டாடி விற்கப்பட்டபோது, கைக்கு வந்த சிறு தொகையைக் கொண்டு பழைய பெட்போர்ட் லாரி ஒன்றை வாங்கினார். அந்த வண்டியே குடும்பத்திற்கு வீடும் கல்வியும் தந்தது. தந்தையார் மறைந்த பின், நண்பர் அதனைப் பழைய இரும்புக்கு விற்க மனமின்றி, டர்போ பூட்டிய ஜப்பானிய டீசல் இஞ்சின் ஒன்றை அதில் ஏற்றினார்.

பினாங்குப் பாலத்தின் மேல் வண்டி குதிரைபோல் ஓடிற்று. ஆனால், டுரியான் பருவத்தில் பாலிக் புலாவிலிருந்து பழக்கூடைகளை ஏற்றிக்கொண்டு துன் சார்டன் சாலையின் வளைவுகளில் ஏறும்போதெல்லாம் நீர் கொதித்தது. மூன்றாம் முறை கொதித்தபோது, கூட வந்த உதவிப் பையன் துணியைப் பிடித்துக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினான். அழுத்தத்தில் அடங்கியிருந்த நீர் நூறு பாகை வெப்பத்தையும் கடந்திருந்தது; மூடி திறந்த கணமே அது ஆவியாகச் சீறி, அவன் கையை மணிக்கட்டு முதல் முழங்கை வரை வேகவைத்துவிட்டது. தாயைக் காப்பாற்றும் ஒரே பிள்ளை ஒரு மாதம் வேலையின்றிக் கிடந்தான்.

பின்னர் வந்தன ஆலோசனைகள். ஒரு பட்டறைக்காரர், "இந்த உடம்புக்கு இந்த இருதயம் தாங்காது, கழற்றி எறியுங்கள்" என்றார். மற்றொருவர் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி, "வெயில் நாட்டில் இது எதற்கு?" என்று குப்பையில் போட்டார். உறவினர் ஒருவர் கண்ணேறு பட்டது என்று எலுமிச்சம்பழம் கட்டினார். பழத்தின் மேல் நமக்குப் பகையில்லை. ஆனால் அது தகட்டின் ஊடே காற்றை இழுக்குமா? ஓய்வு பெற்ற டிரைவர் ஒருவர் மட்டும் நம்மைப் பார்த்து, "கிராணி ஐயா, இஞ்சினைக் குத்தம் சொல்லாதீங்க. காத்து எந்தப் பக்கம் ஓடுதுன்னு முதல்லே பாருங்க" என்றார். அறிவுடைய சொல் அது ஒன்றே.

வலிய இஞ்சின் கொதித்தே தீரும் என்பது சரித்திரம் ஒப்பாத கூற்று. 1900-01-ல் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக் என்பார் 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் வண்டியை அமைத்தபோது, அந்நாளைய குளிர்விக்கும் முறை அவ்வளவு வலிமைக்குப் போதவில்லை. அதற்காக அவர் இஞ்சினைச் சிறிதாக்கவில்லை. 6 மில்லிமீட்டர் சதுரமுள்ள 8,070 சிறு குழாய்களைத் தேன்கூடுபோல் அடுக்கிப் புதிய ரேடியேட்டர் செய்தார். பின்னால் ஒரு விசிறியும் வைத்தார். குறைந்த நீரே நிறைந்த வெப்பத்தைக் காற்றில் விட்டது. 1932-ல் அமெரிக்காவில் வெளிவந்த போர்டு வி-8 இஞ்சின் 65 குதிரைத்திறனை எளியோர்க்கும் எட்டும் விலையில் தந்தது. அதன் புகைவழிகள் நீரோடும் இரும்பின் ஊடே சென்றமையால், கொதிப்பதில் அது பெயர் பெற்றது. வெந்நீரை மேலிருந்து இழுத்த பம்புகளை, 1937-ல், குளிர்ந்த நீரைக் கீழிருந்து தள்ளுமாறு இடம் மாற்றினர். இரண்டிடத்திலும் வலிமை குறைக்கப்படவில்லை; வழி திருத்தப்பட்டது.

நண்பரின் லாரிக்கும் அதுவே மருந்தாயிற்று. எங்கே கொதிக்கிறது என்பதே முதற்கேள்வி. நெரிசலிலும் ஏற்றத்திலும், அதாவது மெதுவாகச் செல்லுமிடத்தில், கொதித்தால் பெரும்பாலும் காற்றோட்டத்தில் குறையுண்டு. நெடுஞ்சாலையில் வேகமாகச் செல்கையில் கொதித்தால் நீரோட்டத்தையோ ரேடியேட்டரின் அளவையோ ஐயுற வேண்டும். பாலத்தில் குளிர்ந்து மலையில் கொதித்த இவ்வண்டியின் நோய் காற்றிலே இருந்தது.

முகப்பைத் திறந்து பார்த்தோம். டர்போவுக்குரிய இன்டர்கூலர் ரேடியேட்டரின் முன்னே நின்று பாதி காற்றை மறித்தது. விசிறியைச் சுற்றித் தகட்டுக் கூடு இல்லை. ஆகவே அது தன் வட்டத்துக்கு நேரான பகுதியிலிருந்து மட்டுமே காற்றை இழுத்தது. நான்கு மூலைகளும் சும்மா கிடந்தன. பக்கங்களிலிருந்த இடைவெளிகள் வழியே இஞ்சினின் வெங்காற்று முன்னே திரும்பி, மறுபடியும் ரேடியேட்டருக்குள் புகுந்தது. இன்டர்கூலரை ஒரு பக்கத்துக்கு மாற்றினார்கள். விசிறியின் இலைகள் பாதி உள்ளே நிற்குமாறு கூடு ஒன்றை அடித்தார்கள். இடைவெளிகளை ரப்பர் பட்டைகளால் அடைத்தார்கள். ஒரு காலத்தில் இந்தக் குடும்பத்திற்குச் சோறு போட்ட ரப்பர், அன்று லாரிக்கும் உதவிற்று.

குப்பைக்குப் போன தெர்மோஸ்டாட்டுக்குப் பதில் புதியது வந்தது. நீர் சூடேறும்வரை அதனை இஞ்சினுக்குள்ளேயே சுற்றவிட்டு, ஏறக்குறைய 82 பாகையில் ரேடியேட்டரின் பாதையைத் திறப்பது அதன் தொழில். பல இஞ்சின்களில், அது திறக்கும்போதே குறுக்குவழியையும் மூடுகிறது. அதனைப் பிடுங்கிவிட்டால் குறுக்குவழி என்றும் திறந்தே கிடக்கும். வெந்நீரில் ஒரு பகுதி ரேடியேட்டரைக் காணாமலே இஞ்சினுக்குத் திரும்பும். குளிரட்டும் என்று செய்த காரியமே சூட்டை வளர்த்துவிடும்.

மூடியும் அற்பப் பொருளன்று. ஒரு வளிமண்டல அழுத்தத்தைக் கூடுதலாகத் தாங்கும் மூடியின் கீழ் நீர் சுமார் 120 பாகையில்தான் கொதிக்கும். ஆனால் பழைய ரேடியேட்டரின் பற்றுகள் அவ்வழுத்தத்தைத் தாங்கா. ஆதலின் நண்பர் புதிய மூடியோடு புதிய ரேடியேட்டரும் வாங்க நேர்ந்தது. நம் நாட்டில் பனி உறையாது. எனவே உறையாமற் காக்கும் திரவத்தைப் பாதிக்குப் பாதி கலக்கும் அவசியமில்லை. வெறும் நீரே வெப்பத்தை அதிகம் சுமக்கும். எனினும், துருவைத் தடுக்கும் மருந்து சேராத நீர் உள்ளிருந்தே அரித்துவிடும். கிணற்று நீரும் ஓடை நீரும் உள்ளே உப்புப் படிவை விடும், அவற்றை ஊற்றலாகாது.

இஞ்சின் மாற்றத்துக்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதி வேண்டும். புதிய எண்ணை வண்டியின் பதிவிலும் ஏற்ற வேண்டும். அதற்குச் செலவு வைக்கும் நம்மவர், குளிர்விப்பதற்குச் செலவென்றால் முகம் சுளிக்கின்றனர். இஞ்சினுக்கென்று ஒதுக்கும் பணத்தில் ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் உரிய பங்கை முதலிலேயே பிரித்து வைப்பதுதான் முறை. மீதமிருந்தால் பார்ப்போம் என்பார்க்கு மீதம் என்றுமே இருப்பதில்லை.

அடுத்த பருவத்தில் அந்த லாரி அதே சுமையோடு அதே மலையில் ஏறிற்று. வெப்பமுள் நடுவிலிருந்து அசையவில்லை. உதவிப் பையனும் வேலைக்குத் திரும்பிவிட்டான். அவன் கைத்தழும்பு மாறவில்லை. லாரி வைத்திருக்கும் தோழர்களுக்கு நாம் சொல்வது இதுவே: வண்டி கொதித்தால் நிறுத்துங்கள், இஞ்சினை அணைத்துக் காத்திருங்கள், அரைமணி தாமதமானால் பழம் அழுகிவிடாது. கூலிக்கு வந்த பிள்ளையிடம் அந்த மூடியை ஒருபோதும் திறக்கச் சொல்லாதீர்கள்.