அறுந்த பெல்ட்டும் அக்கா மகளும்

"பெண் பிள்ளைக்கு எதற்கம்மா இந்தக் கிரீசுப் படிப்பு? கணக்கு இருக்கிறது, கணினி இருக்கிறது, நிழலிலே அமர்ந்து செய்யும் வேலை எத்தனையோ இருக்கிறதே!"

இப்படிக் கேட்டவன் யாரோ பழமைப் பித்தன் என்று எண்ணிவிடாதீர்கள், தோழர்களே! கேட்டவன் நான்தான். மேடை ஏறினால் பெண் கல்வி பற்றி ஒரு மணி நேரம் முழங்குவேன், கைதட்டலும் பெறுவேன். அக்காள் மகள் பாலிடெக்னிக்கிலே ஆட்டோமொபைல் பிரிவைத் தேர்ந்தெடுத்தபோது மட்டும், மேடைப் பேச்சு மேடையோடு நின்றுவிட்டது. வீட்டு நாக்கு வேறு பேசிற்று. அவள் மறுமொழி கூறவில்லை. சேர்ந்து படித்தாள். இரண்டாண்டு கழித்துத் தொப்பூர் மலைப்பாதையின் உச்சியிலே எனக்கு மறுமொழி கிடைத்தது.

அக்காளுக்குச் சிறுநீரகங்கள் பழுதாகி ஓராண்டு ஆகிறது. வாரத்துக்கு மும்முறை சேலத்திலே இரத்தச் சுத்திகரிப்பு. அந்த வாரம் ஒருமுறை தவறிப்போயிற்று. தவறியதற்குக் காரணம் என் கூட்டமொன்று. அதை மறைத்து என்ன பயன்? காலிலே வீக்கம் கண்டது. படுத்தால் மூச்சு முட்டிற்று. மாலை ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள் என்று மருத்துவமனையிலே கூறியிருந்தார்கள். தருமபுரியிலிருந்து என் பழைய பெட்ரோல் காரிலே மூவரும் புறப்பட்டோம்.

பாளையம்புதூர்ச் சுங்கச்சாவடியைத் தாண்டிச் சிறிது தொலைவு சென்றிருப்போம். முன்புறம் 'படார்' என்றொரு ஓசை. அதைத் தொடர்ந்து, பேட்டரிப் படம் போட்ட சிவப்பு விளக்கு எரியத் தொடங்கிற்று. கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "விளக்குத்தானே, ஊர் போய்ப் பார்த்துக்கொள்வோம்" என்றேன். "மாமா, ஓரமாக நிறுத்துங்கள்" என்றாள் அவள். குரலிலே பதற்றமில்லை; அதனாலேயே பணிந்தேன்.

பானெட்டைத் திறந்தோம். ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் பெல்ட்டு அறுந்து, ஒரு துண்டு கீழே தொங்கிற்று. நான் கை நீட்டினேன். "கையை எடுங்கள்! இது கரண்ட் விசிறி. எஞ்சின் நின்றாலும் சூடு இருந்தால் தானாகச் சுற்றும், விரல் போய்விடும்" என்று தடுத்தாள். சாவியைக் கழற்றித் தன் பையிலே போட்டுக்கொண்டு, பிய்ந்த நார் எதுவும் மற்றச் சக்கரங்களிலே சுற்றிக்கொள்ளாதபடி ஒவ்வொன்றாக நீக்கினாள்.

அதற்குள் பின்னால் வந்த லாரி ஒன்று நின்றது. முகப்பிலே எலுமிச்சையும் மிளகாயும் ஆடின. ஓட்டுநர் பெரியவர், நல்ல மனிதர். "அம்பாசிடராக இருந்தால் வேட்டியைக் கிழித்து முறுக்கிக் கட்டி, ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம், நான் செய்திருக்கிறேன்" என்றார். செய்திருப்பார். அந்தக் காரிலே ஒரே பெல்ட்டுத்தான் விசிறியையும் நீர் பம்பையும் மின்சாரம் தரும் கருவியையும் சுற்றிற்று. அறுந்தால் மூன்றும் நின்றுவிடும். சில நிமிடங்களிலே தண்ணீர் கொதிக்கும். 2014-இல் அம்பாசிடர் உற்பத்தியே நின்றுபோயிற்று. அந்த வித்தையும் அதோடு போகவேண்டியதுதான். இன்றைய பெல்ட்டு பட்டையாக, நீளவாக்கிலே வரிகளோடு இருக்கிறது. இழுவிசை சிறிது குறைந்தாலும் வழுக்கும். வேட்டி அங்கே நிற்காது.

"விசிறிதான் கரண்டிலே சுற்றுகிறதே, பயமென்ன?" என்றேன் நான், அறிவாளி போல.

"விசிறி காற்றைத்தான் வீசும் மாமா. தண்ணீரை ஓட வைப்பது பம்பு. பம்பும் இந்த அறுந்த பெல்ட்டிலே ஓடுகிற கார்கள் உண்டு. அப்படி இருந்தால், விசிறி எத்தனை வேகமாகச் சுற்றினாலும் ஒரு கிலோமீட்டர்கூடப் போகக்கூடாது. நம் காரிலே பம்பு உள்ளே டைமிங் பெல்ட்டிலே ஓடுகிறது. எஞ்சின் ஓடும்வரை தண்ணீர் ஓடும். நமக்குக் குறைவது மின்சாரம் மட்டுந்தான்."

குறைவது எது என்று பிரித்தறிந்த பின், அந்தப் பெண் கணக்குப் போட்டாள். பேட்டரி 35 ஆம்பியர்-மணி. எஞ்சினுக்குத் தீப்பொறி, எரிபொருள் பம்பு, கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 10 ஆம்பியர். ஏட்டுக் கணக்கிலே மூன்றரை மணி நேரம். பழைய பேட்டரி, பாதி என்று வைத்தால் ஒன்றே முக்கால் மணி. ரேடியேட்டர் விசிறி இன்னொரு 10 ஆம்பியர் தின்னும். அது ஓயாமல் சுற்றினால் ஒரு மணி நேரங்கூட இல்லை. சேலம் நாற்பது கிலோமீட்டர் போல. முகப்பு விளக்குகள் இரண்டும் 9 ஆம்பியர் கேட்கும். ஆகவே இருட்டுவதற்குள் போய்ச் சேரவேண்டும். மணி அப்போது நாலே கால்.

108-ஐ அழைப்போமா என்றேன். "உட்கார்ந்தால் மூச்சு வருகிறது தம்பி, போய்விடலாம்" என்றார் அக்கா. "கார் நின்றால் அந்த நொடியே அழைப்போம்" என்று எண்ணை அழுத்தித் தயாராக வைத்துப் போனை என் கையிலே கொடுத்தாள் மகள். பிறகு, "நான் ஓட்டுகிறேன்" என்றாள். உரிமம் வைத்திருக்கிறாள் என்பது தெரியும். ஓட்டச் சொன்னதில்லை நான். இடம் மாறி உட்கார்ந்தேன்.

குளிர்காற்றுக் கருவி நிறுத்தப்பட்டது. அது ஓடினால் விசிறியும் உடன் ஓடும். கண்ணாடிகள் ஒரே முறை இறக்கப்பட்டன. பாட்டு, சார்ஜர் எல்லாம் ஓய்ந்தன. "எஞ்சினை இனி அணைக்கக்கூடாது, மறுபடி கிளப்ப நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும்" என்றாள். எதிரே இறக்கம். சிக்கனத்திலே மூழ்கிப்போன நான், "நியூட்ரலிலே விட்டுவிடு, தானே உருளட்டும்" என்றேன்.

தொப்பூர்ச் சரிவிலே அந்தச் சொல்லைக் கேட்டுத்தானே எத்தனை குடும்பங்கள் அழுகின்றன! டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலிலே இறங்கும் லாரி, பிரேக்கு சூடேறிப் பிடிக்காமல், முன்னால் போகிறவர்மீது ஏறுகிறது. 2020 டிசம்பரிலே இதே சரிவில் ஒரு லாரி வரிசையாகப் பல கார்களை நசுக்கி, நால்வர் உயிரைக் குடித்தது. அவள் இரண்டாம் கியரிலே இறங்கினாள். "கியரிலே இறங்கினால் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு வரும் உதவியும் நின்றுபோகும். பிரேக் விளக்கிலும் மிச்சம் பிடிக்கமாட்டேன், பின்னால் லாரி வருகிறது" என்றாள்.

1888-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலே பெர்த்தா பென்ஸ் என்ற அம்மையார், கணவரிடம் கூறாமலே, மகன்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டினார். எண்ணெய்க் குழாய் அடைத்தது. தொப்பி ஊசியால் குத்திச் சரி செய்தார். மின்கம்பி உராய்ந்தது, காலுறைப் பட்டையால் மூடினார். இறக்கத்திலே பிரேக்குக் கட்டை தேய்ந்தது; செருப்புத் தைப்பவரிடம் சென்று அதன்மேல் தோல் தைக்கச் சொன்னார். உலகத்தின் முதல் நெடுந்தூரக் கார்ப் பயணமே ஒரு பெண்ணின் கிரீசுக் கையால் நடந்தது! இதை மேடையிலே இருமுறை பேசியிருக்கிறேன். பேசியவன்தான் வீட்டிலே அப்படிக் கேட்டான்.

இரட்டைப் பாலம் தாண்டினோம். தீவட்டிப்பட்டி தாண்டினோம். வேகம் ஐம்பதை ஒட்டியே இருந்தது. எதிர்க்காற்று ரேடியேட்டரைத் தழுவும்வரை விசிறிக்கு வேலையில்லை. வெப்பமுள் பாதியைத் தாண்டவில்லை. நான் முள்ளைப் பார்ப்பதும் அக்காளின் மூச்சைக் கேட்பதுமாக இருந்தேன். எது எதைவிட மோசம் என்று சொல்லத் தெரியவில்லை.

லாரியின் எலுமிச்சை நினைவுக்கு வந்தது. ஆயுத பூசையன்று காருக்குப் பொட்டு வைத்து, சக்கரத்தடியிலே கனி நசுக்கும் அண்டை வீட்டாரைப் பார்த்து நான் நகைப்பது வழக்கம். நகைத்தேனே தவிர, அன்றைக்கேனும் பானெட்டைத் திறந்து பெல்ட்டைப் பார்த்தேனா? அறுந்த துண்டிலே வரிக்கு வரி வெடிப்பு. ஒரு நாளிலே வந்த வெடிப்பல்ல. பூசை செய்தவர் கனியை நம்பினார். நான் எதை நம்பினேன்?

ஓமலூர் கடந்து சேலத்துக்குள் நுழைந்ததும் நெரிசல். ஐந்து ரோட்டருகே வண்டிகள் ஊர்ந்தன. முள் ஏறிற்று, விசிறி சுற்றத் தொடங்கிற்று. முதலிலே உரத்த ஓசை. வரவர அது கம்மிற்று, களைத்தவன் பேச்சைப்போல. அவள் ஆரன் அடித்தாள், அதுவும் கம்மிற்று. "முள் இன்னும் ஏறினால் ஹீட்டரைத் திறப்பேன், அம்மாவுக்கு அனல் அடிக்கும், துண்டை நனைத்துக் கொடுங்கள்" என்றாள். நனைத்தேன். பயன்படுத்த நேரவில்லை. மருத்துவமனை வாயிலிலே நின்றபோது மணி ஐந்தேகால். அக்காளைச் சக்கர நாற்காலியிலே அமர்த்தி உள்ளே கொண்டு போனார்கள். இரவு பத்து மணிக்கு மூச்சு சீராகிக் கண்ணயர்ந்தார்.

மறுநாள் காலை சாவியைத் திருப்பினால் 'டிக்' என்றொரு சத்தம், அவ்வளவுதான். பட்டறையிலிருந்து ஆளை அழைத்துவந்தோம். புதுப் பெல்ட்டை மாட்டினார். அவள் குனிந்து, இரு சக்கரங்களுக்கு நடுவே கட்டை விரலால் அழுத்தி, "இன்னும் சற்று இழுங்கள் அண்ணா" என்றாள். அவர் இழுத்து முறுக்கினார். பிறகு நிமிர்ந்து, ஆல்டர்னேட்டரின் பேரிங்கும் ஓசை தருகிறது என்றும், மாற்ற இவ்வளவு ஆகும் என்றும் என்னைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்.

"என்னிடம் சொல்லாதீர்கள், அவளிடம் சொல்லுங்கள்" என்றேன்.