பட்டறைக்குள் ஒரு புனிதர்



புனிதர் என்றதும் கைகூப்பி நிற்கும் சிலைதான் நம் கண்முன் வரும். ஆனால் பிழைப்புக்காகத் தையல் வேலை பார்த்த ஒரு புனிதர் இருந்தார். நாம் 'டான் பாஸ்கோ' என்கிறோமே, அந்த ஜான் போஸ்கோதான்! நான் கிறிஸ்தவன் அல்ல. இருந்தாலும், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் என்பதால் இவர் கதை என்னைப் பிடித்துக்கொண்டது.

1815 ஆகஸ்ட் 16-ல், இன்றைய இத்தாலியின் வடக்கே பெக்கி என்ற குக்கிராமத்தில் பிறந்தார். இரண்டு வயது ஆகுமுன் அப்பா இறந்துவிட்டார். அம்மா மார்கரீத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மூத்த தாரத்து மகன் அந்தோனியோவுக்குத் தம்பி புத்தகமும் கையுமாக இருப்பது பிடிக்கவில்லை. வீட்டில் தினமும் சண்டை. பன்னிரண்டு வயதில் வேறொரு பண்ணைக்கு வேலைக்குப் போனார். பிறகு தையல் கடை, காபிக் கடை என்று உழைத்துக்கொண்டே படித்து, 1841-ல் குருவானார்.

துரின் நகரத்துக்குப் பிழைக்க வந்த கிராமத்துப் பையன்கள் கேட்பாரற்றுக் கிடந்தார்கள். சிறைக்குள்ளும் சின்னப் பையன்களைப் பார்த்தார். 1846-ல் வால்தோக்கோ என்ற இடத்தில் ஒரு கொட்டகை எடுத்துப் பையன்களைச் சேர்த்தார். அம்மாவும் ஊரை விட்டு வந்து அவர்களுக்குச் சமைத்துப் போட்டார்.

இதற்கெல்லாம் மேலாக என்னை அசத்தியது ஒரு முத்திரைத்தாள்! 1852 பிப்ரவரியில் ஜோசப் ஒதாஸ்ஸோ என்ற பையனைத் தச்சு வேலைக்குச் சேர்த்தபோது ஒப்பந்தம் எழுதினார்கள். முதலாளி, பையன், அவன் அப்பா, போஸ்கோ எல்லோரும் கையெழுத்து. முதலாளி தொழிலை ஒழுங்காகக் கற்றுத்தர வேண்டும். தொழிலுக்குச் சம்பந்தமில்லாத வேலை வாங்கக் கூடாது. தப்புச் செய்தால் வாயால் திருத்த வேண்டும், அடிக்கக் கூடாது.

என் அண்ணன் ஒன்பதாவதோடு நின்று ஒரு வெல்டிங் பட்டறைக்குப் போனவன். இரண்டு வருஷம் டீ வாங்கினான், முதலாளி வீட்டுக்குத் தண்ணீர் தூக்கினான். ஹோல்டரைக் கையில் கொடுக்கவே இல்லை. அடி மட்டும் தவறாமல் கிடைத்தது. இன்று என் ஃபீஸைக் கட்டுவது அவன்தான். எனக்கு அந்தோனியோ வாய்க்கவில்லை! இந்த ஒப்பந்தத்தைப் பற்றிச் சொன்னேன். "அப்பவே இப்படி எழுதி வாங்கிட்டாங்களாடா?" என்று கேட்டான். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

வெளிப் பட்டறைகளை மட்டும் நம்பாமல், 1853 முதல் போஸ்கோ தம் இடத்திலேயே பட்டறைகள் தொடங்கினார். செருப்பு, தையல், பைண்டிங், தச்சு, அச்சகம் என்று வளர்ந்தது. இந்தப் பணி தம்மோடு முடியக் கூடாது என்று 1859-ல் சலேசிய சபையை நிறுவினார். 1888-ல் மறைந்தார். 1906-ல் அந்தச் சபையார் இந்தியாவில் முதன்முதலாகப் பணியைத் தொடங்கிய ஊர் நம் தஞ்சாவூர். 1934-ல் போஸ்கோவுக்குப் புனிதர் பட்டம் கிடைத்தது.

நண்பர்களே, நாளைக்கு நம்மில் பலர் சூப்பர்வைசர் ஆவோம், சிலர் சொந்தப் பட்டறை வைப்போம். நம்மிடமும் ஒரு பையன் வந்து நிற்பான். அவன் கையில் டீ கிளாஸைக் கொடுப்பதா, ஸ்பேனரைக் கொடுப்பதா? முத்திரைத்தாள் இல்லாவிட்டாலும், நம் மனசிலாவது எழுதி வைத்துக்கொள்வோம்.