சுவிட்ச் இல்லாத நெருப்பு

வீட்டைச் சூடாக்க விறகு ஃபேர்னஸ் பூட்ட வேண்டுமென்று என்னைக் கூப்பிடுபவர்கள் முதலில் கேட்பது விலை. அடுத்த கேள்வி, இரவு ஒருமுறை விறகு போட்டால் விடியும்வரை எரியுமா என்பது. இரண்டுக்கும் பதில் சொல்ல முன்னர் நான் ஒன்றை விளங்கப்படுத்திவிடுவேன். எரிவாயு ஃபேர்னஸை ஒரு விரலால் நிறுத்தலாம். எண்ணெய் ஃபேர்னஸும் அப்படித்தான். சுவிட்சைத் தட்டியதும் எரிபொருள் நின்றுவிடும், சுவாலையும் போய்விடும். விறகை அடுக்கிக் கதவை மூடிவிட்டால் அந்த விறகு முழுவதும் எரிந்து முடியும்வரை நெருப்பு உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கும். காற்றைக் குறைத்து அதை மெதுவாக்கலாம். நிறுத்த முடியாது. இந்தத் தொழிலில் உள்ள ஒவ்வொரு விதியும், ஒவ்வோர் அங்குல இடைவெளியும் அந்த ஒரு காரணத்திலிருந்தே பிறந்தவை.

நான் வேலை செய்வது ஒன்ராறியோவில், பீற்றர்பரோவுக்கு வடக்கேயும் கிழக்கேயும் உள்ள நாட்டுப்புறங்களில். எரிவாயுக் குழாய் போகாத இடங்கள் அங்கே நிறைய. எண்ணெயும் புரொபேனும் லொறியில் வந்துதான் தாங்கியை நிரப்பும். ஜனவரி இரவில் மைனஸ் 25 பாகை வருவது புதினமில்லை. வீட்டைச் சுற்றி மேப்பிளும் ஓக்கும் நிற்கும்போது விறகால் வீட்டைச் சூடாக்க நினைப்பது இயல்பு. இப்போது தமிழர்களும் கூப்பிடுகிறார்கள். 2013 டிசம்பரில் உறைமழை பெய்து ரொறொன்ரோவில் ஏறத்தாழ 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் போனது. ஸ்காபரோவில் பல குடும்பங்கள் கோட்டைக் கழற்றாமல் வீட்டுக்குள் இருந்து நத்தாரைக் கழித்தன. அந்தக் குளிரை மறக்காதவர்கள் நாட்டுப்புறத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கியதும் விறகைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். அவர்களில் மூத்தவர்கள் ஊரில் அடுப்பெரித்து வளர்ந்தவர்கள். நெருப்பைப் பற்றி அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை. ஆனால் ஊர்க் குசினியில் புகை ஓட்டு இடுக்கால் போய்விடும், காற்று யன்னலால் வந்துவிடும். இங்கே குளிருக்குப் பயந்து ஒவ்வோர் இடுக்கையும் அடைத்த வீட்டுக்குள், அதுவும் நிலத்துக்குக் கீழே, நெருப்பை வைக்கிறோம். காற்று வரும் வழியையும் புகை போகும் வழியையும் நாம்தான் செய்து கொடுக்க வேண்டும்.

இடைவெளியிலிருந்து தொடங்குகிறேன், அதிலேதான் வாக்குவாதம் அதிகம். சான்று பெற்ற ஒவ்வொரு ஃபேர்னஸிலும் ஓர் உலோகத் தகடு இருக்கும். பக்கச் சுவருக்கு எவ்வளவு, பின்சுவருக்கு எவ்வளவு, மேலே உள்ள மரச் சட்டத்துக்கு எவ்வளவு என்று அதில் அச்சிட்டிருக்கும். சான்று இல்லாத பழைய இயந்திரமென்றால் நான்கு அடி விட வேண்டும். "அண்ணை, சுவரோட ஒட்டி வைச்சா ஒரு கட்டில் போடுற இடம் மிச்சம் வருமே. சுவரிலதான் செங்கல் ஒட்டியிருக்கே" என்று ஒரு வீட்டில் கேட்டார்கள். "தம்பி, அந்தச் செங்கலுக்குப் பின்னால என்ன இருக்கு?" என்று கேட்டேன். பலகை. செங்கல் எரியாது என்பது உண்மைதான். ஆனால் அது சூட்டைத் தாராளமாகக் கடத்தும். பின்னாலிருக்கும் பலகைச் சட்டம் வருடக்கணக்காகச் சூடாகிச் சூடாகி, காய்ந்து, உள்ளே மெல்லக் கருகிக்கொண்டே போகும். புதுப் பலகை பற்றிக்கொள்ளத் தேவையான சூட்டைவிட மிகக் குறைந்த சூட்டிலேயே ஒருநாள் அது பற்றிக்கொள்ளும். பத்து வருடம் ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்பவர்களுக்கு நான் சொல்வது, அந்தப் பத்து வருடமும் பலகை ஆயத்தமாகிக்கொண்டு இருந்தது என்பதே. இடம் உண்மையிலேயே போதாவிட்டால் தகட்டுக் கவசம் போடலாம். சுவருக்கும் தகட்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஓர் அங்குலம் வெறுமையாக விட்டு, அடியும் மேலும் திறந்திருக்கும்படி பூட்டினால் அந்த இடுக்கில் காற்று ஏறிக்கொண்டே இருக்கும். சுவர் குளிர்ந்திருக்கும். காப்பது அந்த இடுக்கில் ஓடும் காற்று. தகட்டைச் சுவரோடு ஒட்டி அறைந்தால் பிரயோசனம் இல்லை.

ஃபேர்னஸிலிருந்து புகைபோக்கிவரை போகும் கறுப்புப் புகைக்குழாய்க்கு இதைவிட நுணுக்கமான கணக்கு. ஒற்றைத் தகட்டுக் குழாய் என்றால் எரியக்கூடிய எதிலிருந்தும் 18 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும். நீளம் பத்தடிக்குள் இருக்க வேண்டும். வளைவுகளைக் கூட்டினால் 180 பாகைக்கு மேல் வரக்கூடாது, அதாவது இரண்டு முழங்கைகள். கிடையாகப் போகும் பகுதி அடிக்குக் கால் அங்குலம் புகைபோக்கியை நோக்கி ஏற வேண்டும். ஒவ்வொரு பொருத்துக்கும் மூன்று திருகாணி. நெளித்த முனை ஃபேர்னஸ் பக்கம் பார்க்க வேண்டும். இதை மாறிப் பூட்டிய வீடுகளைப் பார்த்தவுடன் தெரியும், பொருத்துகளில் கறுப்பாக ஒழுகிக் காய்ந்த கோடுகள் இருக்கும். புகையிலிருந்து படியும் தார் ஒழுகினால் அது உள்ளே ஒழுகி நெருப்புக்கே திரும்பிப் போக வேண்டும். திருகாணி எதற்கு, குழாய் இறுக்கமாகத்தானே இருக்கிறது என்று கேட்பவர்கள், புகைபோக்கி தீப்பிடிக்கும்போது குழாய் எப்படி அதிரும் என்று கேட்டதில்லை. அந்த அதிர்வில் ஒரு பொருத்து விட்டுப்போனால் நெருப்பு நேரே பேஸ்மென்டுக்குள் வரும்.

புகைபோக்கிதான் முழு இயந்திரத்தையும் ஓட்டுவது. சூடான புகை மேலே ஏறும்போது கீழே இழுவை உண்டாகும். அந்த இழுவைதான் விறகுக்குக் காற்றைக் கொண்டுவருவது. ஆகவே நான் ஒரு வீட்டுக்குப் போனால் பேஸ்மென்டுக்குள் இறங்க முன்னர் வெளியே நின்று கூரையைப் பார்ப்பேன். புகைபோக்கி கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து மூன்றடியாவது உயர வேண்டும். பத்தடிச் சுற்றுக்குள் உள்ள கூரை முகடு, சுவர் எதுவானாலும் அதைவிட இரண்டடி உயர்ந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அது வீட்டுக்கு உள்ளால் ஏறுகிறதா, வெளிச்சுவரில் ஏறுகிறதா என்பது. வெளியே ஏறும் புகைபோக்கி மைனஸ் இருபதில் நின்று குளிர்ந்து போகும். உள்ளிருக்கும் காற்று கனத்துக் கீழே இறங்கும். நெருப்பு மூட்டக் கதவைத் திறந்ததும் குளிர்காற்று முகத்தில் அடிக்கும், தொடர்ந்து புகையும் வீட்டுக்குள் வரும். பேஸ்மென்டில் இது இன்னும் மோசம். சூடான வீடே ஒரு புகைபோக்கியாக வேலை செய்கிறது. மேல்மாடி வழியாகச் சூடு வெளியேற, அடித்தளம் காற்றை உள்ளே இழுக்கப் பார்க்கும். மேலே குசினியில் பெரிய உறிஞ்சும் விசிறியைப் போட்டால் அந்த இழுவை இன்னும் கூடும். அப்போது புகைபோக்கியே காற்று உள்ளே வரும் வழியாகிவிடும். இந்தக் காரணத்தால் வீட்டின் நடுவால், கூரை முகட்டை ஒட்டி ஏறும் புகைபோக்கியையே நான் விரும்புவேன். வீட்டுக்காரருக்கு ஓர் அலுமாரி இடம் குறையும். அதற்கு நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கனடாவில் இதற்கென்று பூட்டப்படும் உலோகப் புகைபோக்கிக்கு 650 பாகை என்று பெயர். அந்தச் சூட்டில் நாள்முழுவதும் நின்று தாங்க வேண்டும். அதற்கும் மேலே, 1150 பாகையில் அரை மணி நேரம் வீதம் மூன்று முறை சோதிப்பார்கள். அந்தச் சோதனை புகைபோக்கித் தீயை மனதில் வைத்தது. தார் படிந்த புகைபோக்கி ஒருநாள் பற்றும் என்று எதிர்பார்த்துத்தான் அதைச் செய்கிறார்கள். பழைய செங்கல் புகைபோக்கிக்குள் பதித்த களிமண் ஓடு பலவேளை வெடித்திருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. அதற்குள் துருப்பிடிக்காத உருக்குக் குழாய் இறக்காமல் நான் புது ஃபேர்னஸை இணைக்க மாட்டேன்.

தார் எங்கிருந்து வருகிறது? எரியாத புகையிலிருந்து. விறகில் உள்ள சக்தியில் பெரும்பங்கு புகையாக, ஆவியாகக் கிளம்பும் வாயுக்களில் இருக்கிறது. அவை எரிவதற்கு ஏறத்தாழ 600 பாகைச் சூடும் போதிய காற்றும் வேண்டும். கிடைக்காவிட்டால் அவை அப்படியே மேலே போய்க் குளிர்ந்த குழாய்ச் சுவரில் கறுப்பாகப் படியும். அதைத்தான் கிரியோசோட் என்கிறோம். இங்கே விறகு ஃபேர்னஸுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. மேலே சுவரில் தெர்மோஸ்டாட். வீடு சூடாகிவிட்டதென்று அது சொன்னதும் கீழே காற்றுக் கதவு மூடிக்கொள்ளும். பழைய ஃபேர்னஸ்களில் அந்த நேரம் உள்ளே நிரம்பக் கிடக்கும் விறகு சுவாலையில்லாமல் மணிக்கணக்காகப் புகையும். ஒக்டோபர், ஏப்ரல் மாதங்களில் இது நாள்முழுவதும் நடக்கும். புகைபோக்கியில் தார் படியும் மாதங்கள் அவைதான், கடும் குளிர் மாதங்கள் அல்ல. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனம் 2015இல் கொண்டுவந்த விதிகளால் 2020 முதல் வந்த ஃபேர்னஸ்களில் இது பெருமளவு திருந்தியிருக்கிறது. தீச்செங்கல் பதித்த சூளையும் புகையை மேலே மறுபடி எரிக்கும் துவாரங்களும் காற்றைத் தானாகச் சீராக்கும் கட்டுப்பாடும் அவற்றில் உண்டு. அந்த வசதி இல்லாதவர்களுக்கு நான் சொல்வது: சிறிய ஃபேர்னஸை வாங்குங்கள். தேவைக்கு மேல் பெரிய ஃபேர்னஸ் எப்போதும் மூச்சடக்கியே எரியும். இளங்குளிர் நாட்களில் கொஞ்ச விறகை வைத்து வேகமாக எரித்து முடியுங்கள், பிறகு அணையட்டும். விடியும்வரை எரியுமா என்ற கேள்விக்கும் இதுதான் பதில். தணல் விடியும்வரை இருக்கும். சுவாலையை விடியும்வரை இழுத்துப் பிடிக்க முயன்றால் தார்தான் மிஞ்சும்.

விறகைப் பற்றி ஒரு புத்தகம் எழுதலாம், ஆனால் விஷயம் ஈரம் ஒன்றுதான். வெட்டிய புதிதில் மரத்தின் எடையில் பாதிக்குக் கிட்டத் தண்ணீராக இருக்கும். 20 சதவீதத்துக்குக் கீழே வராமல் எரிக்கக்கூடாது. மேப்பிளைக் கொத்தி அடுக்கி ஒரு கோடை விட வேண்டும், ஓக்குக்கு இரண்டு. முழுக் குற்றியாகக் கிடந்தால் எத்தனை வருடம் கிடந்தாலும் உள்ளே காயாது. கொத்திய பிறகுதான் காயத் தொடங்கும். ஈரமானியை விறகின் வெளிப்பக்கத்தில் குத்திப் பார்த்து ஏமாறாதீர்கள். ஒரு துண்டைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்துங்கள். "காய்ந்த விறகு" என்று ஒக்டோபரில் கொண்டுவந்து கொட்டுபவரை நம்பி அதே மாதம் எரிக்கத் தொடங்கும் வழக்கத்தால் அழிந்த புகைபோக்கிகள் எத்தனையோ.

கரண்ட் போகும் விஷயத்துக்கு வருகிறேன், பலர் என்னைக் கூப்பிடுவதே அதற்காக என்பதால். ஃபேர்னஸ் சூட்டை வீடு முழுவதும் அனுப்புவது ஒரு மின்விசிறி. கரண்ட் போனால் விசிறி நிற்கும், நெருப்பு நிற்காது. விசிறியில்லாமல் அந்தச் சூடு தானாக மேலே ஏறிப்போக வழி இருக்க வேண்டும். ஆகவே வீட்டிலுள்ள எல்லாக் காற்றுத் துவாரங்களையும் மூடிவிடக்கூடிய நிலை இருக்கவே கூடாது. ஃபேர்னஸின் தலையிலுள்ள பிளீனம் என்ற சூட்டுக்காற்றுப் பெட்டியை ஒட்டிய முதல் ஆறடிக் காற்றுக்குழாய் கூரைச் சட்டத்திலிருந்து ஆறு அங்குலம் தள்ளியிருக்க வேண்டுமென்று பல ஃபேர்னஸ்களின் தகடு கேட்பதும் இந்த நேரத்தை நினைத்துத்தான். எண்ணெய் ஃபேர்னஸோடு தொடராக இணைத்தால் காற்று முதலில் எண்ணெய் ஃபேர்னஸையும் பிறகு விறகு ஃபேர்னஸையும் கடக்க வேண்டும். மாறி இணைத்தால் விறகின் சூடு எண்ணெய் ஃபேர்னஸின் மோட்டாரைக் கெடுத்துவிடும். கரண்ட் போனவுடன் கையேட்டைப் பார்த்து அது சொல்வதைச் செய்யுங்கள். பெரும்பாலும் அது சொல்வது, காற்று வடிகட்டியை எடுத்துவிடு, துவாரங்களைத் திற, புதிதாக விறகு போடாதே என்பதுதான்.

1998 ஜனவரி உறைமழையில் கிழக்கு ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் சில இடங்களில் வாரக்கணக்காகக் கரண்ட் இருக்கவில்லை. அதை நினைத்துக் கூப்பிடுபவர்களுக்கு நான் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். கரண்ட் இல்லாத நாளுக்காக மட்டுமே விறகைத் தேடுபவருக்கு பேஸ்மென்ட் ஃபேர்னஸ் சரிவராது. குடும்பம் கூடியிருக்கும் அறையில், கண்ணுக்கு முன்னால், கண்ணாடிக் கதவுள்ள ஒரு சாதாரண விறகு அடுப்பு போதும். விசிறி வேண்டாம், நெருப்பும் பார்வையில் இருக்கும். விலையும் குறைவு. இதைச் சொல்லி வேலையை இழந்திருக்கிறேன், அதில் எனக்கு வருத்தமில்லை.

சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் அள்ளி, வீட்டைவிட்டுத் தள்ளி, எரியாத தரையில் வையுங்கள். அதற்குள் தணல் நாலைந்து நாள் உயிரோடு இருக்கும். கடதாசிப் பையில் அள்ளி மரத் தாழ்வாரத்தில் வைத்து எரிந்த வீடுகள் உண்டு. கார்பன் மொனொக்சைட் எச்சரிக்கைக் கருவி படுக்கையறைகளுக்கு அருகில் இருக்க வேண்டுமென்பது ஒன்ராறியோவில் 2014 முதல் சட்டம். வுட்ஸ்டொக் நகரில் 2008இல், அடைத்துப்போன ஒரு புகைவழியால் ஒரு குடும்பம் முழுவதும் மாண்ட பிறகு, அவர்களுடைய பெயரிலேயே வந்த சட்டம் அது. மணமில்லாத நஞ்சு என்பதால் மூக்கை நம்பமுடியாது. ஃபேர்னஸ் இருக்கும் தளத்திலும் ஒன்றைப் பூட்டுங்கள்.

நகரசபையின் கட்டட அனுமதி இல்லாமல் யாரும் பூட்டித் தருகிறேன் என்றால் விடாதீர்கள். வாங்க முன்னர் காப்புறுதி நிறுவனத்துக்குச் சொல்லுங்கள். சொல்லாமல் பூட்டிய ஃபேர்னஸால் வீடு எரிந்தால் அவர்கள் பணம் தர மறுக்கலாம். பெரும்பாலும் அவர்கள், விறகு வெப்பமூட்டல் வேலைக்கான வெட் (WETT) சான்றிதழ் பெற்ற ஒருவரின் பரிசோதனை அறிக்கையைக் கேட்பார்கள், கேட்பதும் நியாயம். எங்களைப் போன்றவர்களைக் கூப்பிடுவதென்றால் மே மாதத்தில் கூப்பிடுங்கள். புகைபோக்கியைத் துடைத்துப் பார்க்கவும், வெடித்த செங்கலைத் திருத்தவும், அனுமதி எடுக்கவும் நேரம் இருக்கும். அந்த மாதத்தில் கொத்தி வெயிலில் அடுக்கும் மேப்பிள் விறகும் ஃபேர்னஸ் மூட்டும் காலத்துக்குக் காய்ந்துவிடும்.