கசிவு எங்கே?

"கேஸ் தீர்ந்துபோச்சு மேடம். அடிச்சாச் சரியாயிரும்." தேனியில் மூன்று கோடையாக நான் கேட்ட பதில் இது. "சார் வந்திருந்தா விவரமாச் சொல்லிருப்பேன்" என்ற வாலும் கூடவே வரும். பணத்தைக் கொடுத்துவிட்டு வருவேன். அடுத்த சித்திரையில் அம்மாவைப் பொட்டிப்புரத்திலிருந்து மருத்துவமனைக்கு அழைத்துப்போகையில் கார் மறுபடியும் அனலைக் கக்கும்.

அதே மூன்று ஆண்டுகளும் எனக்கு இரத்தச்சோகை. இரும்புச்சத்து மாத்திரை தின்றால் ஏறும், விட்டால் இறங்கும். சென்ற தை மாதம் வேறொரு மருத்துவர் கேட்டார்: "மாசத்துல எத்தன நாள் போகுது? ஒரு நாளைக்கு எத்தன நாப்கின் மாத்துறீங்க?" அதுவரை யாரும் கேட்காத கேள்வி. நானாகவும் சொன்னதில்லை. ஸ்கேனில் கருப்பையில் ஃபைப்ராய்டு கட்டி தெரிந்தது. வகுப்பில் பெண்ணுடல் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறவள், என் உதிரப்போக்கைச் சொல்லக் கூசியிருந்தேன்.

அதற்குப் பிறகுதான் ஏசியைப் பற்றியும் படித்தேன். அதன் வாயு பெட்ரோலைப்போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்களுக்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறிமாறிச் சுற்றுகிறது. ஆண்டுக்கணக்கில் சிறிதளவு குறையலாம். ஒரே வருடத்தில் தீர்ந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது.

என் காரில் இருப்பது ஆர்-134ஏ. பொட்டிப்புரம் மலைக்குள் திட்டமிடப்பட்ட நியூட்ரினோ ஆய்வகத்தின் உணர்கருவிகளுக்கான வாயுக்கலவையிலும் பெரும்பங்கு இதுதான். ஓசோனை இது சிதைக்காது. ஆனால் காற்றில் கலந்தால், கரியமில வாயுவைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மூன்று கோடையும் நான் காசு கொடுத்து அதைத்தான் ஊர்க்காற்றில் கலந்திருக்கிறேன்.

இந்தப் பங்குனியில் வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். "மொதல்ல எங்க கசியுதுன்னு பாருங்க தம்பி. அதுவரைக்கும் கேஸ் அடிக்க வேணாம்" என்றேன். மிச்ச வாயுவை எந்திரத்தால் உறிஞ்சிச் சேமித்தார். வெறுங்கையோடு குழாயைக் கழற்றப் போனவரை நிறுத்தி, கையுறையும் கண்ணாடியும் போடச் சொன்னேன். அந்தத் திரவம் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதிப்பது; தோலில் பட்டால் உறைந்து புண்ணாகும், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். நைட்ரஜனை ஏற்றி இணைப்புகளில் சோப்பு நுரை தடவினார். கண்டென்சர் முனையில் குமிழி வந்தது. தேய்ந்துபோன சின்ன ரப்பர் வளையம். அதை மாற்றிவிட்டு அரைமணி நேரம் வேக்யூம் பம்பை ஓட்டினார். காற்றும் ஈரமும் உள்ளே தங்கினால் கம்ப்ரசர் கெடும். பம்பை நிறுத்திய பின்னும் கேஜ் முள் அசையவில்லை. பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் சொன்ன கிராம் கணக்குக்கு எடைபோட்டு நிரப்பினார். கூடினாலும் குளிராது, அழுத்தம்தான் ஏறும்.

டின் வாங்கி வீட்டிலேயே அடித்தால் என்ன என்று ஒரு மாணவி கேட்டாள். உள்ளே எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. தவறி உயரழுத்தக் குழாயில் மாட்டினால் டின்னே வெடிக்கும் என்றேன்.

சித்திரையில் அம்மா முன்சீட்டில் உட்கார்ந்தாள். "நல்லாக் குளுகுளுன்னு இருக்குத்தா" என்றவள், கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள்: "ஒனக்கு இப்பப் போக்கு மட்டுப்பட்டுச்சா?"

"வைத்தியம் நடக்குதும்மா."

"எனக்கும் அப்படித்தான் போச்சு. யாருகிட்டச் சொல்ல?"

காரை ஓரங்கட்டினேன்.

"எத்தன வருசம்மா?"